ஷாகிரா மடித்து வைத்த சீட்டு

செய்தி வந்தபோது என் மேசையில், உருப்பெருக்கியின் கீழே, ஒரு கோரைக் கதிர் இருந்தது. ஷாகிராவின் மகள் ஆம்பூரிலிருந்து பேசினாள். "அம்மி போய்ட்டாங்க ஆன்ட்டி. காலைல டீ குடிச்சுட்டு சாஞ்சவங்க, எழுந்திரிக்கவே இல்ல." நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. முதலில் வந்தது துக்கமன்று, பயம். இனிமேல் என்னோடு சேர்ந்து கதிர்களை யார் பார்ப்பார்கள் என்ற பயம். இந்த அஞ்சலியில் இதை மறைத்து எழுதினால் அவளோடு வேலை செய்த நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள்.

வேலூரில் ஒரே கல்லூரியில் நாங்கள் இருவரும் தாவரவியல் கற்பித்தோம். ஓய்வு பெற்ற பிறகும் ஏரிக்கரைகளில் கோரை பொறுக்குவதை விடவில்லை. பைத்தியங்கள் என்று சிலர் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. சொன்னவர்களில் இருவர் இதை இப்போது படித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்து ஏரிகளில் பார்வைக்கு ஒன்றேபோல் இரண்டு கோரைகள் உண்டு. ஒரே உயரம், ஒரே பழுப்புக் கதிர், விரல்களுக்கிடையில் உருட்டினால் ஒரே முக்கோணத் தண்டு. ஒன்று நல்ல தண்ணீரில் மட்டுமே நிற்கும். மற்றது உப்பேறிய தண்ணீரையும் தாங்கும். நன்னீர்க்கோரை, உவர்க்கோரை என்று எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம். முதலாவதன் விதைக்கு மூன்று பட்டை. இரண்டாவதன் விதை தட்டை. முன்பு நன்னீர்க்கோரை நின்ற கரையில் உவர்க்கோரை நின்றால், தோல் பதனிடும் கழிவு உள்ளே வந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் விதை முற்றியிருக்க வேண்டும். முற்றாத விதை, பார்ப்பவர் விரும்புகிற வடிவத்தில்தான் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் கிணறு வெட்டுவதற்கு முன் எங்களைக் கேட்டார்கள். ஷாகிரா ஊரில் இல்லை. நான் பச்சைக் கதிரைப் பார்த்து, நன்னீர்க்கோரை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு தெரு முழுவதும் ஓராண்டு அந்தத் தண்ணீரைக் குடித்தது. கழிவு கலந்திருப்பது தெரிந்த பிறகே கிணற்றை மூடினார்கள். அப்போதும் ஷாகிரா என்னைத் திட்டவில்லை. "நீ தப்பா சொன்னது பெரிசில்ல கமலி. உனக்கு சந்தேகம் இருந்துச்சு. அத்த சொல்லல பாரு, அதான்" என்றாள். திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு முறை ஏற்பட்டது. ஒரே கதிரை இருவரும் தனித்தனியே பார்ப்போம். முதலில் பார்ப்பவள் ஒரு சீட்டில் பெயரை எழுதி மடித்து உறைக்குள் போடுவாள். அடுத்தவள் தன் சீட்டை எழுதும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே வெளியே சொல்வோம்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து போனது பேரணாம்பட்டுச் சாலையில் உள்ள ஓர் ஏரிக்கு. கரையில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள். மழைநீர் கலந்திருந்தபோது எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டது. ஊராட்சித் தலைவி மல்லிகாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை; எங்களைக் கூப்பிட்டாள். ஷாகிரா புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினாள். தொழிற்சாலை வேலை முடிந்து வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா ஆயா, பாய் பின்றதுக்கா?"

"ஆமாப்பா, உனக்குத்தான். நீட்டிப் படுத்தா எத்தினி அடின்னு சொல்லிட்டுப் போ."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏறி வந்துடுங்க ஆயா. போன வெயில்ல இதுல கால் வெச்சவங்களுக்கு புண்ணு இன்னும் ஆறல" என்றார்.

கரையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "இரு, ரெண்டு கதிர் எடுத்துக்கினு வர்றேன். ஜாஸ்தி கத்தாத" என்றாள். அவளுக்குப் பயமே கிடையாது என்றுதான் நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கதிர்களை அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மகளிடம் உறையைக் கொடுத்தனுப்பினாள். உள்ளே கதிர்களும் மடித்த சீட்டும். அவள் இறந்த அன்று என் மேசையில் இருந்தது அந்த உறையில் வந்த கதிர்தான்; சீட்டை நான் இன்னும் பிரிக்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மல்லிகா தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், திங்கக்கெழம கொழாய தொறக்கறாங்க. குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்த சொல்லுங்க."

மறுபடி உட்கார்ந்தேன். எனக்கு இடது கண்ணில் புரை. விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது பட்டை இருப்பதுபோல் இருந்தது. இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்: தினமும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊர் அது. நன்னீர்க்கோரை என்று எழுதினேன். பிறகு அவளுடைய சீட்டைப் பிரித்தேன்.

அதில் பெயர் இல்லை. "விதை முற்றல. எனக்கு பயமா இருக்கு. நீயும் பயப்படு" என்று இருந்தது.

என் சீட்டைக் கிழித்தேன். மல்லிகாவைக் கூப்பிட்டு, கதிர் முற்றும்வரை குழாயைத் திறக்க வேண்டாம், கோடையில் தண்ணீரை மறுபடி சோதிக்க வேண்டும் என்றேன்.

"அப்ப கெட்ட தண்ணியா டீச்சர்?"

"தெரியவில்லை."

"தெரியலன்னா ஜனங்க என்னிய பேஜார் பண்ணுவாங்களே."

"எனக்குப் பயமாக இருக்கிறது மல்லிகா. அதை அப்படியே போய்ச் சொல்."

"எனக்கும்தான் டீச்சர்" என்றாள் மல்லிகா. குழாய் இப்போது பூட்டியிருக்கிறது. ஊரில் என்னையும் அவளையும் என்ன பேசுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஷாகிராவின் புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டாள் மகள். நான் வைத்துக்கொண்டது அந்தச் சீட்டை மட்டும், அதிலுள்ள பயத்தையும். சில வாரங்களில் அந்த ஏரியில் நிற்கும் கதிர்கள் முற்றும். நான் போய் எடுத்து வந்து, என் சீட்டை எழுதி, மடித்து உறைக்குள் போட்டு வைப்பேன். இரண்டாவது சீட்டு எழுத எனக்கு ஆள் வேண்டும். அவளோடு வேலை செய்தவர்கள் யாராவது வாருங்கள். லென்ஸ் கொண்டுவாருங்கள். தைரியத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.