வாசல் பலகை எழுதுபவர்

அம்பத்தூரில் என் மகள் படிக்கும் பள்ளியின் காவலாளி, காதில் எப்போதும் ஒரு சாக்பீஸைச் செருகியிருப்பார். ஆண்டு விழா, பிரிவுபசார விழா, பொதுத்தேர்வு என்று வாசல் பலகையில் தினமும் எழுதுவது அவர்தான்.

தையில் ஒருநாள், திருப்புதல் தேர்வு மதிப்பெண் வந்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் வீடு திரும்பவில்லை. பதறிப் பள்ளிக்கு ஓடினேன். குறைந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வரப் பயந்து, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், காவலாளியின் நாற்காலியில் அழுதுகொண்டிருந்தாள்.

அவர் கதவைத் திறக்கவில்லை.

"இன்னா சார், மார்க்க கேட்டுக்கினு வந்தியா, பொண்ண கேட்டுக்கினு வந்தியா?"

"பொண்ணத்தாங்க."

"அப்ப கூட்டிக்கினு போ. போற வயில ஒரு வார்த்த திட்டக்கூடாது, ஆமா."

திட்டவில்லை. இப்போது அவள் ஆண்டு விழா நடனத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். ஆனால், அன்று பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது. அதை அவர் பார்த்துவிட்டார். இன்றும் பலகையைப் படிக்கும்போது அவர் பக்கம் திரும்பக் கூச்சமாக இருக்கிறது.