துண்டில் எழுதாத பற்றரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கடை வேலைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத குணம். ஆனாலும் ஆரையம்பதியில், துறைக்குப் போகும் வீதியில் இருந்த பலசரக்குக் கடையில் முதலாளி என்னை வைத்திருந்தார். காரணம் ஒன்றுதான்: எனக்குச் சிங்களம் எழுத வரும். அப்பா வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்தபோது குவாட்டர்ஸில் இருந்த சிங்களப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தே பேசப் பழகியிருந்தேன். எழுத்தை அப்பா பிடித்து இருத்திப் படிப்பித்தார்.

அது யுத்த காலம். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. ஆமியின் கட்டுப்பாட்டில் இல்லாத இடம். அங்கிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் திரும்பப் பாதையில் ஏற வேண்டும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். வாங்கிய சாமான் அத்தனையும் கடைத் துண்டுச் சீட்டில், ஆமிக்காரர் வாசிக்கிற மாதிரி சிங்களத்தில் எழுதியிருக்க வேண்டும். றேடியோவுக்கு ஆளுக்கு இரண்டு பற்றரி கொண்டுபோகலாம். எழுதாத பற்றரி பையில் கிடந்தால், குண்டுக்குக் கொண்டுபோகிறாய் என்று ஆளையே பிடித்து இருத்திவிடுவார்கள்.

பாதை போய்விடும் என்ற பதற்றத்தில் சனம் ஏசும். அதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு மனிசனைத்தான் என்னால் பொறுக்க ஏலாமல் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். செவ்வாயும் வெள்ளியும் வருவார். சீனி நிறுத்தால் தராசைத் தட்டிப் பார்ப்பார். தேயிலையை மணந்து, முகத்தைச் சுளித்து, பிறகு அதையே வாங்குவார். நான் எழுதும்போது பக்கத்தில் நின்று, நாலு பேர் சிரிக்கும்படி நையாண்டி பண்ணுவார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடை நிறைய ஆட்கள். அவருடைய துண்டில் சீனி, பருப்பு, சவர்க்காரம் வரைக்கும் எழுதிவிட்டேன். பற்றரி மட்டும் மிச்சம்.

"நித்திரையா போறாய்? கொப்பன் உனக்கு இதத்தான் படிப்பிச்சவனா?" என்றார்.

அப்பா செத்து எட்டு மாதம். அந்த ஆளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் துண்டை வெடுக்கென்று பறித்துக்கொண்டு நடந்தார். "மாமா, நில்லுங்க" என்று கூப்பிட எவ்வளவு நேரம் வேண்டும்? நான் கூப்பிடவில்லை. போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று பேசாமல் நின்றேன்.

அந்தச் சந்தோசம் கால் மணித்தியாலம்கூட நிற்கவில்லை. அதற்கு முந்தின மாதம், சாவடியில் பிடித்து வைத்த ஒருவரைத் தேடி அவருடைய மனைவி நாலு நாள் வெயிலில் நின்றது ஞாபகம் வந்தது. முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் துறைக்கு ஓடினேன். பாதை நடு வாவிக்குப் போய்விட்டது. அதில் அவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை. சாவடியில் கேட்கலாம்தான். கேட்டால் இல்லாத சந்தேகத்தை நானே கிளப்பிவிட்டதாகிவிடும். பாவி, என்ன வேலை பார்த்துவிட்டாய் என்று என்னையே ஏசிக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. படுவான்கரையிலிருந்து வந்தவர்களிடம் சாடையாக விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய் வீதியிலிருந்தே அவருடைய சத்தம் கேட்டது. கடை வாசலில் சைக்கிளை விட்ட யாரையோ ஏசிக்கொண்டு வந்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த ஏச்சைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முதல் கேட்டதில்லை, சத்தியமாக.

வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டேன். வட்டையில் நெல் வெட்டு நடந்ததாம். வயலை விட்டுவிட்டு உன்னைப் பார்க்க வரவா என்றார். போன முறை சாவடியில் ஏதும் பிரச்சினையா என்று மெல்லக் கேட்டேன்.

"என்ன பிரச்சின? உன்ர எழுத்தக் கண்டா அவனுகள் பையத் திறக்கிறல்ல. அதுக்குத்தானே இந்தக் கடைக்கு வாறன். உன்ர மூஞ்சயப் பாக்கவா?"

சும்மா இருந்திருக்கலாம். ஆள் சுகமாக வந்துவிட்டார், விசயம் முடிந்தது. ஆனால் அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மற்றவர்கள் போகும்வரை நின்று சொன்னேன்.

"மாமா, போன முற பற்றரிய நான் எழுதல்ல."

"மறந்திட்டியாக்கும்."

"இல்ல. அப்பாவ இழுத்துப் பேசினீங்க. அவர் இப்ப இல்ல. கோவத்தில வேணுமெண்டுதான் விட்டன்."

அவருடைய முகம் வெளிறியது. கத்தப் போகிறார், முதலாளியைக் கூப்பிடப் போகிறார், வேலை போய்விட்டது என்று நினைத்தேன். வெளியே, பாதை வெளிக்கிடப் போகிறது என்று சனம் ஓடியது. அவர் ஓடவில்லை. சீனி மூட்டையின் மேல் குந்தினார்.

"எழுது. ஒண்டும் விடாம எழுது. நான் அடுத்ததில போறன்" என்றார்.

ஒவ்வொரு சாமானாகப் பையோடு ஒத்துப் பார்த்து எழுதினதில் இரண்டு மடங்கு நேரம் போனது. முடித்துக் கொடுத்ததும், இதில் பற்றரி எது என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன். அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இனி இந்தக் கடைப் பக்கம் வருவாரோ என்று வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தார். வந்து, பருப்பில் வண்டு என்று முழுக் கடைக்கும் கேட்க என்னை ஏசினார். அப்பாடா என்று பேனையை எடுத்து, முதல் வரியில் பற்றரியை எழுதினேன்.