ஸ்டாம்ப் இல்லாத கவிதை

பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் நான் தேறவில்லை. இருபத்தொன்பது வயதில் அதை மறுபடியும் எழுத வேண்டி வந்தது. ஆசைப்பட்டு எழுதவில்லை. கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் பிளஸ் டூ தேறியவர்களை மட்டும் நிரந்தரமாக்குவார்களாம். மற்றவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தோடு வேலை முடிந்தது. தாளின் கீழே சிவப்பு ஸ்டாம்ப் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஸ்டாம்ப் விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு கியர் செய்யும் ஃபேக்டரி அது. கியர்களைச் சோதிப்பது என் வேலை. நல்லதை நீலப் பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். ஒரு பல்லில் முடியளவு பிசிறு இருந்தால்கூட என் விரலுக்குத் தெரிந்துவிடும். இந்த வேலைக்கு ஆங்கிலக் கவிதை எதற்கு என்று எச்.ஆர். ஆபீஸில் போய்க் கேட்டேன். "பாலிசிம்மா" என்றார்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தெருவில் கன்னடமும் தமிழும். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இது சாதாரணம். ஆங்கிலம் மட்டும் பள்ளிக்கூடத்தில்தான். எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒரு கவிதையைக்கூட முழுதாக வாசித்ததில்லை. "மூணாவது கேள்வி, பதில் ஐம்பத்தாறாம் பக்கம், அடிக்கோடு போட்டுக்கோங்க" என்பார். அதுதான் பாடம். அடிக்கோடு போட்டதை மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் மூன்றாவது வரி மறந்தது, நான்காவதும் வரவில்லை, வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடனடித் தேர்விலும் அதேதான். அந்த வெறும் தாள் பன்னிரண்டு வருடமாக எனக்குள் கிடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கைடு வாங்கிய அன்றே பாடப்புத்தகத்தையும் வாங்கினேன்.

பாடப்புத்தகம் மாறியிருந்தது. நான் படித்த ஒரு பாடமும் அதில் இல்லை. புதிதாக ஒரு கவிதை இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர், நடுவில் கடிகாரக் கோபுரம். ஒரு ஆள் தினமும் படியேறிப் போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டு இறங்குகிறான். கீழே போகிறவர்கள் மணி பார்க்கிறார்கள், அவனைப் பார்ப்பதில்லை. கவிஞர் கீழே நின்றுகொண்டு அவனுக்காக உருகுகிறார்.

பல்சக்கரம் என்று வந்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நமக்குத் தெரிந்த சாமான் ஒன்றாவது இதில் இருக்கிறதே என்று நினைத்தேன். கைடைப் புரட்டினால் பதில் தயாராக இருந்தது. கவிஞர் 'டிக்னிட்டி ஆஃப் லேபரை' கொண்டாடுகிறாராம். உழைப்பின் மாண்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கவிஞர் ஒரு படிகூட ஏறவில்லை. எத்தனை படி என்று அவருக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு முழங்கால் வலிக்குமா, மேலே குடிக்கத் தண்ணீர் உண்டா என்று ஒரு வரி கிடையாது. மாண்பு மட்டும் உண்டு.

கோபம் வந்தால் மட்டும் மனப்பாடம் ஆகிவிடுமா? ஆகவில்லை. மத்தியானம் கம்பெனி பஸ்ஸில் படித்தது, கேட்டில் கார்டு தேய்க்கும்போது போய்விடும். காலையில் சமையல் செய்துகொண்டே சொல்லிப் பார்த்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. என் வீட்டுக்காரர் தளியிலிருந்து கோஸும் கேரட்டும் பெங்களூருக்கு ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறார். நான் திக்குவதைக் கேட்டுவிட்டு, "இதுல பாஸாயிட்டு வந்து எங்கிட்ட இங்கிலீஷ்லதான் சண்ட போடுவியா?" என்றார். "தெலுங்குலயே போடறேன், சோத்த போட்டுக்கினு போ" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஒருநாள் லைனில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் மேசைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர் உண்டு. அதற்குள் வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன் என்று ஒரு தாள் இருக்கும். முதலில் எதை எடு, எங்கே பார், எதை அள, பிழை இருந்தால் என்ன செய் என்று எண் போட்டு எழுதியிருக்கும். கடைசியில் ரியாக்ஷன் பிளான் என்று ஒரு கட்டம். ஏதாவது தப்பாகப் போனால் செய்ய வேண்டியது அதில் இருக்கும். அந்தத் தாள் முழுக்க ஆங்கிலம். அதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியானால் எனக்கு ஆங்கிலம் ஏறாமல் இல்லை. ஏறுகிற மாதிரி யாரும் கொடுக்கவில்லை.

அன்று இடைவேளையில் கவிதையை வொர்க் இன்ஸ்ட்ரக்ஷனாக எழுதினேன். உள்ளங்கை அளவு காகிதம். ஸ்டெப் ஒன்று, மேன் கம்ஸ் டு டவர். ஸ்டெப் இரண்டு, கிளைம்ப்ஸ் எவ்ரி டே. ஸ்டெப் மூன்று, ஆயில்ஸ் த வீல்ஸ். இப்படி ஏழு ஸ்டெப். கீழே கட்டம் போட்டு ரியாக்ஷன் பிளான்: மறந்துபோனால் 'த போயட் சேஸ்' என்று எழுதித் தொடங்கவும்.

அந்தச் சீட்டை ஹோல்டருக்குள், ஸ்டாம்ப் அடித்த தாளுக்குப் பின்னால் செருகினேன். மேலே ஒரு விரலளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது, புத்தகமும் கூடாது. ஸ்டாம்ப் இல்லாத எந்தக் காகிதமும் லைனில் இருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பக்கத்து மேசையில் தென்காசிப் பெண் ஒருத்தி. என்னைவிட ஏழு வயது சின்னவள். கியரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேள்வி கேட்பாள்.

"எக்கா, ஒங்க கவிஞரு இன்னைக்காவது கோபுரத்துல ஏறுனாரா?"

"அவன் எங்க ஏறப்போறான். கீழவே நின்னுக்கினு அழுவறான்."

"சரி, நாலாவது ஸ்டெப்ப சொல்லிட்டு அடுத்த கியர எடுங்க."

"நோபடி லுக்ஸ் அட் ஹிம்."

"பாத்தீங்களா, நம்ம கததான். அஞ்சாவது?"

இரண்டு வாரத்தில் அந்தக் கவிதை மட்டுமல்ல, மூன்று உரைநடைப் பாடமும் ஸ்டெப் ஸ்டெப்பாக மண்டைக்குள் போய்விட்டன. ஒன்று ஏறியதும் சீட்டைக் கிழித்துப் போடுவேன். கடிகாரக் கவிதைச் சீட்டை மட்டும் கிழிக்கவில்லை. அது கட்டாயம் வரும் என்று கைடில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அதனால் பயம் விடவில்லை.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கஸ்டமர் ஆடிட் வந்தது. எங்களிடம் கியர் வாங்கும் கம்பெனி ஆளனுப்பிச் சோதிப்பது. முந்தின நாளே சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தார். ஸ்டிக்கர், சாமி படம், பழைய தாள் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். நானும் என் மேசையைத் துடைத்தேன், டிராயரைக் காலி செய்தேன். சீட்டு எத்தனையோ தடவை இழுத்துச் செருகியதில் தாளுக்குப் பின்னால் முழுசாக இறங்கிவிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாததால் எனக்கும் நினைவு வரவில்லை.

ஆடிட்டர் ஒரு அம்மா. மெதுவாகப் பேசினார். என் மேசைக்கு வந்தார், ஹோல்டரிலிருந்து தாளை உருவினார். சீட்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து நிதானமாகப் படித்தார்.

"இந்த டவர் எந்த லைன்ல இருக்கு?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

சூப்பர்வைசர் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. "அது பழைய லைன் மேடம். எடுத்தாச்சு மேடம்" என்றார்.

"எடுத்த லைனோட டாக்குமென்ட் இன்னும் யூஸ்ல இருக்கா? அப்ப இது மேஜர்."

மேஜர் என்றால் பெரிய குற்றம். ஆர்டரே நின்றுபோகலாம். சூப்பர்வைசர் முகத்தில் ரத்தம் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அடி அவருக்குத்தான் விழுந்திருக்கும். ஆனால் அந்த லைனை நம்பி இருநூறு பேர் சாப்பிடுகிறோம்.

"லைன் இல்ல மேடம். அது கவித. எனக்குப் பிளஸ் டூ பரீட்ச இருக்குது" என்றேன்.

அந்த அம்மா மறுபடியும் படித்தார். ரியாக்ஷன் பிளான் வரும்போது சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா மைனர், அதாவது சின்னக் குற்றம் என்று எழுதினார். சீட்டைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சூப்பர்வைசர் இரண்டாவது ஷிஃப்டிலிருந்த என்னை முதல் ஷிஃப்டுக்கு மாற்றினார். தேர்வு காலை பத்து மணிக்கு, கிருஷ்ணகிரியில். முதல் ஷிஃப்டு என்றால் அந்த நேரத்தில் நான் லைனில் நிற்க வேண்டும். லீவு கேட்டேன், இல்லை என்றார். சொல்லாமல் நின்றால் ஒப்பந்தத்தை அன்றோடு முடிக்கலாம் என்று விதி இருக்கிறது. தென்காசிப் பெண் இரண்டாவது ஷிஃப்டில்தான் இருந்தாள். அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று அவளே வந்தாள்.

"நீங்க போய் எழுதுங்கக்கா. பெயிலாயிட்டு மட்டும் வந்திராதீங்க, மறுபடியும் கேள்வி கேக்க எனக்குத் தெம்பு கெடையாது."

ஆனால் மாற்றிக்கொள்ள சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். படிவத்தைக் கொண்டுபோனேன். அவர் வேறொரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். ஆடிட்டில் ஒரு தப்பு பிடித்தால் அதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும். ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுதும் படிவம் அது.

"ஏம்மா, இங்கிலீஷுதான படிக்கற? நீயே எழுதிக் குடு. அப்பறம் உன் படிவத்துல கையெழுத்துப் போடறதப் பாக்கலாம்" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். சீட்டு ஏன் அங்கே இருந்தது? ஆபரேட்டர் பரீட்சைக்குப் படித்தாள். ஏன் லைனில் படித்தாள்? வேறு நேரம் இல்லை. ஏன் படிக்க வேண்டும்? கம்பெனி பிளஸ் டூ கேட்டது. ஏன் கேட்டது? பாலிசி. ஏன் அந்தப் பாலிசி? அந்தக் கட்டத்தில், தெரியவில்லை, எச்.ஆரைக் கேட்கவும் என்று எழுதினேன். எல்லாம் ஆங்கிலத்தில். கைடு இல்லாமல், அடிக்கோடு இல்லாமல், நானாக எழுதிய முதல் ஆங்கிலம் அதுதான். ஒரு இடத்தில்கூடப் பேனா நிற்கவில்லை.

அவர் படித்துவிட்டு இரண்டாகக் கிழித்தார்.

"மேல இருக்கறவங்க இதப் படிப்பாங்கன்னு தெரியுமா தெரியாதா? நான் சொல்றத எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆபரேட்டருக்கு விழிப்புணர்வு போதவில்லை. ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து. பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை. அவர் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

தேர்வன்று சூளகிரிக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் நகரவில்லை. கண்டக்டரிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்ததில் அவர் எரிந்துவிழுந்தார். ஏழு ஸ்டெப்பையும் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது வரவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது? ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றேன். என்னைச் சுற்றிலும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒருத்தி என்னைக் கண்காணிக்க வந்த டீச்சர் என்று நினைத்து வணக்கம் வைத்தாள்.

கடிகாரக் கவிதை வந்திருந்தது. கோபுரத்து மனிதனைப் பற்றிக் கவிஞர் என்ன நினைக்கிறார், ஒரு பத்தியில் எழுதுக. ஐந்தாவது ஸ்டெப்பும் தானாக வந்துவிட்டது. என்னிடம் ஒரு பதில் இருந்தது. கவிஞர் படி ஏறவில்லை, ஏறியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று. ஆங்கிலத்திலேயே இருந்தது. ஏன் என்று ஐந்து முறை கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

திருத்துகிறவர் அதைப் படித்து என்ன செய்வார் என்று யோசித்தேன். கிழிந்த படிவம் கண்ணுக்கு முன்னால் வந்தது. முப்பத்தைந்து மார்க் வேண்டும். 'த போயட் சேஸ்' என்று தொடங்கினேன். கவிஞர் உழைப்பின் மாண்பைக் கொண்டாடுகிறார் என்று கைடில் இருந்தபடி ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். மத்தியானம் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போய் நின்று சிவப்புப் பெட்டியில் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டேன். நல்ல கியர்களையும் போட்டேனோ என்னவோ.

ரிசல்ட் வந்த அன்று கேண்டீனில் தென்காசிப் பெண்தான் போனில் பார்த்தாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்பது.

நிரந்தரமாக்கினார்கள். அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் பழைய கோப்புகளை அடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அந்த மைனர் குற்றத்தின் கோப்பும் அதில் இருந்தது. விழிப்புணர்வு போதவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட்ட தாள், அதன் பின்னால் இணைப்பாக என் சீட்டு. ஏழு ஸ்டெப், கட்டம் போட்ட ரியாக்ஷன் பிளான். இணைப்பு என்பதால் அதன்மேலும் சிவப்பு ஸ்டாம்ப் அடித்திருந்தார்கள். கிழித்துப்போட்ட அந்த ஐந்து பதில்களைத் தேடினேன். கோப்பில் இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன்.