ஜமீலா அக்காவுக்குச் சொல்லாம விட்ட செஞ்சா கதை

ஜமீலா அக்கா தவறிட்டாங்க.

நேத்து காலையில எங்க பழைய ஃபேக்டரி லைன் ஆளுங்களோட வாட்சப் குரூப்புல மெசேஜ் வந்துச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு பாச்சாங்ல இருக்கிற அவங்க வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு... முகத்தைக்கூட பார்க்கல.

இந்த ஃபேஸ்புக் பேஜ்ல ரொம்ப நாளா இருக்கிறவங்களுக்கு அவங்கள தெரியும். ரோஜாப்பூ ப்ரொஃபைல் படம். வாரா வாரம் முதல் கமெண்ட் அவங்களோடதுதான்.

பத்து பெரண்டாம்ங்கிற ஊர்ல இருக்கிற ஃபேக்டரியில நானும் அவங்களும் பக்கத்து பக்கத்து மைக்ராஸ்கோப். சிப்ல கீறல் இருக்கான்னு பார்க்குற வேலை. என்னைவிட இருபது வயசு மூத்தவங்க, ஆனா நான் விட்ட கீறலையெல்லாம் அவங்கதான் புடிப்பாங்க.

ஒரு வியாழக்கிழமை கென்டீன்ல ஃபோன் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். எட்டிப் பார்த்தாங்க.

"யாரு தம்பி இது, தலைய துடோங் போட்டு மூடிக்கிட்டு பறக்குது?"

"துடோங் இல்லக்கா, ஹூட். சூப்பர்ஹீரோ காமிக்ஸ். வியாழனுக்கு வியாழன் ஆப்ல ஒரு எபிசோட் வரும். இவ பேரு செஞ்சா."

"என்ன செஞ்சா?"

"ஐயோ, பேரே செஞ்சாதான்க்கா! மலாய்ல செஞ்சான்னா அந்தி நேரம் லா. பொழுது சாயும்போதுதான் இவளுக்கு பவர் வரும்."

சிரிச்ச சிரிப்புல அவங்க குடிச்சிட்டிருந்த தே தாரேக் டீ பாதி மேசையில...

அடுத்த வியாழன் அவங்க ஃபோன்லயும் அந்த ஆப். படம் புரியும், ஆனா வசனம் எல்லாம் இங்கிலீஷ். அக்கா தமிழ்ப்பள்ளியில ஆறாவது முடிச்சு கொஞ்ச வருஷத்துலயே வேலைக்கு வந்தவங்க. மலாய் சரளமா பேசுவாங்க, இங்கிலீஷ் மட்டும் வராது.

அதனால வியாழனுக்கு வியாழன் ஒரே கேள்வி. "இந்த வாரம் செஞ்சா என்ன செஞ்சா?"

ரெஸ்ட் டைம் முழுக்க நான் கதை சொல்லுவேன். ஒரு நாள் அவங்கதான், "எனக்கு மட்டும் சொல்றியே, ஃபேஸ்புக்ல எழுதேன் தம்பி"ன்னாங்க. இந்த பேஜ் அப்படித்தான் ஆரம்பிச்சது. இதை நான் இங்க ஒரு தடவைகூட சொன்னதில்ல.

போன வருஷம் அக்கா வேலைய விட்டாங்க. கால் வீக்கம், நிக்க முடியலன்னாங்க. அதுக்கு மேல நானும் கேட்கல. கமெண்ட்ல பார்த்துக்கிட்டுதானே இருக்கோம்னு ஒரு நினைப்பு.

செஞ்சாவோட தம்பி மேல அவங்களுக்கு தனிப் பாசம். "அந்தப் பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

அந்தத் தம்பியத்தான் காமிக்ஸ் எழுதுறவங்க கதையில சாகடிச்சிட்டாங்க. ரெண்டே பக்கத்துல முடிச்சுட்டாங்க... எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "இனிமேலும் இந்தக் குப்பைய படிக்கிறவன் முட்டாள், நான் எழுதறத நிறுத்தியாச்சு"ன்னு போஸ்ட் போட்டேன். ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. எல்லாரும் கைதட்டுனீங்க.

அக்கா கமெண்ட், "அப்ப நான் முட்டாளா தம்பி?" நான் ஒரு சிரிப்பு எமோஜி போட்டுட்டு போயிட்டேன்.

அடுத்த வியாழன் வாட்சப்ல கேட்டாங்க. "செஞ்சா என்ன செஞ்சா?"

"விட்டாச்சுக்கா. வேற ஏதாவது பாருங்க."

அதுக்கடுத்த வியாழனும் கேட்டாங்க. நான் பதில் போடல.

அப்புறம் ஒரு ஸ்க்ரீன்ஷாட். செஞ்சா தனியா ஒரு கூரை மேல உட்கார்ந்திருக்கா. வசனத்தைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு, "இது மட்டும் என்னன்னு சொல்லிடு" அப்படின்னு.

'நான் இங்கேயே காத்திருக்கேன்'னு இருந்துச்சு. அவ்வளவுதான். ஆயர் குரோ ரோட்டு சிக்னல்ல நிக்குற நேரத்துல டைப் பண்ணியிருக்கலாம். ப்ளூ டிக் மட்டும் அவங்களுக்குப் போச்சு.

நேத்து அக்கா வீட்டுல அவங்க மூத்த மக ஃபரீதா சொல்லித்தான் எனக்கே தெரியும். கிட்னி. வாரத்துல மூனு நாள் டயாலிசிஸ். அதுல ஒரு நாள் வியாழக்கிழமை. ஒரு கையில ஊசி, இன்னொரு கையில ஃபோன், நாலு மணி நேரம்.

"நீங்க எழுதாத வாரமெல்லாம் அம்மா படத்தைப் பார்த்து அவங்களா கதை கட்டிக்குவாங்க. பக்கத்து பெட் ஆன்ட்டிக்கு சொல்லுவாங்க. அவங்க கதையில அந்தத் தம்பி சாகவே இல்லையாம். எங்கேயோ ஒளிஞ்சிருக்கானாம்"னு சொல்லி அழுதுகிட்டே சிரிச்சாங்க.

அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் நிறுத்திட்டீங்கன்னு நான்கூட அம்மாகிட்ட கேட்டேன். பாவம், பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி, நம்ம தொந்தரவு பண்ணக் கூடாதுன்னாங்க. இப்பவும் வேலை ஜாஸ்தியா?"

"ஆமா"ன்னேன்.

அவங்க வீட்டு ஹால்லயே உட்கார்ந்துக்கிட்டு, அவங்க மக குடுத்த தண்ணி கிளாஸ கையில வச்சுக்கிட்டு... ஆமான்னேன்.

வேலையெல்லாம் ஒன்னும் இல்லக்கா. வெறும் வீம்பு.

மன்னிச்சிருங்க.

ஊசி, வலி எதுவும் இல்லாத இடமா பார்த்து இறைவன் உங்கள உட்கார வைக்கட்டும். போயிட்டு வாங்க ஜமீலா அக்கா.