அறுபத்திரண்டு கிலோமீட்டர்

இது நடந்தது. பட்டப்பகலில், இரண்டு இருபதுக்கும் மூன்று ஐம்பதுக்கும் நடுவே நடந்தது. இருட்டினால்தான் பயம் வரும் என்று நினைப்பவர்கள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வெயில் அடிக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். யாருக்கு நடந்ததோ அவள் இன்றும் காலை ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். கேட்டால் சொல்ல மாட்டாள். அது வேறு விஷயம்.

கிளினிக்குகளில் அவளைச் ‘சாம்பிள் அக்கா’ என்பார்கள். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை. ஒன்பது கிளினிக்குகளில் ரத்த சாம்பிள் குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பகல் ஒரு மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். அப்புறம் நான்கு மணி வரை கவுன்ட்டரில் பதிவு வேலை. அதுவரை கார் லேபுக்குப் பின்னால் நிற்கும். வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்ப எண்பத்து நான்கு கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாளும் அதே எண்பத்து நான்கு. பாதை மாறாதபோது மீட்டரை எதற்குப் பார்ப்பது? அவள் பார்த்ததே இல்லை.

அவள் கணவனுக்கோ மீட்டர்தான் பிழைப்பு. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். “மனுஷன் மாத்திப் பேசுவான். மீட்டர் பேசாது” என்பான். நல்லவன்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளை ஒரு சொல் கடிந்ததில்லை. மழை நாளில் அவளுக்கு முன்னால் எழுந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “சும்மா தூக்கம் வரல” என்று சமாளிக்கிற ரகம்.

கார் பழசு. இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. வாங்கின கையோடு, ஒரு ஞாயிறு மாலை, எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள். மாற்றிய ஐந்தாம் நாளே எண்ணெய் விளக்கு மினுக்கியது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால், நுனியில்தான் ஈரம்.

அரை லிட்டர் ஊற்றினார்கள். நான்கு நாளில் மறுபடி மினுக்கியது. மறுபடி ஊற்றினார்கள். இருபது நாளில் இரண்டரை லிட்டருக்கு மேல் போய்விட்டது.

“வண்டி வாங்கினோமா, குடிகாரனைத் தத்து எடுத்தோமா?” என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஞாயிறு காலை பத்தரைக்குத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டார்கள்.

“எண்ணெய் குறைஞ்சா மூணே வழிதான்க்கா” என்றான் அவன். “ஒழுகணும். எரியணும். இல்ல ரேடியேட்டர் தண்ணியில கலக்கணும்.”

அடியில் அட்டை விரித்து எஞ்சினை ஓடவிட்டான். ஒரு சொட்டு விழவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டுச் சைலென்சரைப் பார்த்தான். நீலப் புகை இல்லை. பிளக்கைக் கழற்றினான். கருப்பே படியவில்லை. தண்ணீரும் தெளிவாக இருந்தது. கம்ப்ரஷன் பார்த்தான். நான்கு சிலிண்டரும் நன்றாக இருந்தன.

“பிஸ்டன் ரிங்கு, வால்வு சீல் எல்லாம் இந்த வயசுக்கு அருமையா இருக்கு” என்று துணியில் கையைத் துடைத்தவன், ஆயில் மாற்றியபோது மீட்டர் எண்ணை எழுதிக் கதவோரம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். பிறகு மீட்டரைப் பார்த்தான். “அட, என்னக்கா நீங்க. ரெண்டாயிரத்து அறுநூத்தி இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க. இவ்ளோ ஓடின எஞ்சின் ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கத்தான் செய்யும். இது சரியாத்தான் குடிக்குது. இன்னும் கொஞ்சம் கெட்டியான ஆயிலா ஊத்துங்க, போதும்.”

“அவ்ளோ ஓட்டலையே தம்பி. பதினெட்டு நாள்தான் வேலைக்குப் போனேன்.”

அவள் கணவனின் உதடு லேசாக அசைந்தது. கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். பதினெட்டு நாளுக்கு ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் ஆயிரத்து நூற்றுப் பதினாறு. அதைப் பதினெட்டால் வகுத்தால்...

நாளைக்கு அறுபத்திரண்டு. மீதி இல்லாமல்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல் கேட்டான்.

“போக முப்பத்தொண்ணு, வர முப்பத்தொண்ணு. எங்க போற?”

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது காது சுட்டது.

அந்த வாரம் வீடு, வீடாக இல்லை. தினமும் காலையில் அவள் கிளம்பும் முன் மீட்டரைக் குறித்துக்கொண்டான். மாலையில் அவள் இறங்கும் முன் டார்ச்சோடு வந்து நின்றான். திங்கள், நூற்று நாற்பத்தாறு. செவ்வாய், நூற்று நாற்பத்தாறு. புதன்...

“லேபுக்குப் போன் பண்ணிக் கேளுங்க. நான் சீட்டை விட்டு எழுந்திருக்கல.”

“சொல்லிக் கொடுத்திருப்ப.”

“அவ்ளோ ஓடினா பெட்ரோல் செலவாகாதா? பில்லைப் பாருங்க. பெட்ரோல் எப்பவும் போலத்தான் போட்டிருக்கேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப வேற எவனோ போட்டு விடறான்.”

பதினோரு வருஷம் ஒரே தட்டில் ஊட்டிவிட்ட கை அது. அந்தக் கை சனிக்கிழமை அவள் பையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டியது.

அவள் அழவில்லை. கொட்டிக்கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். “திங்கக்கிழமை நான் லீவு. நீங்களும் போடுங்க. வண்டி ஷெட்டிலேயே நிக்கட்டும். உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறமும் சந்தேகம்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்ப மாட்டேன்.”

“சரி” என்றான் அவன்.

திங்கள் பகல் இரண்டு மணி. கார் ஷெட்டில். அவன் நான்கு டயருக்கும் தரைக்கும் சேர்த்துச் சாக்பீஸால் கோடு போட்டான். எண்ணெய்க் கம்பியை உருவினான். மேல் கோடு வரை இருந்தது. மீட்டர்: 2,41,916. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மீட்டருக்கு நேராக.

“கதவைச் சாத்து. புழுதி வருது.”

சாத்தினாள்.

2:20. டக்.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்ட சத்தம். சாவி அவள் கையில்தான் இருந்தது. உள்ளே அவன் திரும்பிப் பார்த்தான். கைப்பிடியை இழுத்தான். மறுபடி இழுத்தான்.

பிறகு அவன் கை தானாக ஸ்டியரிங்கில் போய் அமர்ந்தது.

“என்னங்க?”

அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் இருந்தான். அவளைப் பார்க்கவில்லை. நேரே பார்த்தான். நேரே ஷெட்டின் சுவர். அவன் கண்களோ தூரத்தில் எதையோ துரத்திக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கை இடது பக்கம் வளைத்தான். நிமிர்த்தினான். சக்கரம் அசையவில்லை. சாக்பீஸ் கோடு கலையவில்லை.

எஞ்சின் சத்தம் இல்லை. எண்ணெய் கருகும் வாடை மட்டும் வந்தது. சைலென்சரைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

2:34. வீல் ஸ்பேனரை எடுத்து ஜன்னலில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி உடையவில்லை. உடையாததுகூடப் பரவாயில்லை...

சத்தமே வரவில்லை.

மறுபடி அடித்தாள். மறுபடி. மணிக்கட்டு வலித்தது. ஷெட்டில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும்.

2:47. அவன் பேச ஆரம்பித்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசினான். பின் சீட்டில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல. இல்லை என்று தலையாட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான்.

அவள் பின் சீட்டைப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

ஆனால் சீட் உறை ஓர் இடத்தில் அழுந்தியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு.

3:00. அவன் ஸ்டியரிங்கை நிறுத்தினான். மெல்ல வலப்பக்கம் திரும்பினான். அவள் நின்ற பக்கம்தான். அவளைத் தாண்டி எதையோ பார்த்தான்.

பத்து நிமிஷம். இமைக்காமல்.

முதலில் அந்த முகத்தில் பயம் இருந்தது. பிறகு பயம் போனது. கடைசியில் அவன் பார்த்த பார்வை அவளுக்குப் பழக்கமானது. ஒரு வாரமாக டார்ச்சோடு வாசலில் நின்ற பார்வை.

3:10. மறுபடி ஸ்டியரிங்.

3:50. டக்.

கதவு திறந்தது. அவன் இறங்கினான். சட்டை நனைந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

2,41,978.

பானெட்டைத் தூக்கி எண்ணெய்க் கம்பியை உருவினாள். விரல் சுட்டது. அளவு குறைந்திருந்தது.

“உன் மேல தப்பு இல்ல” என்றான் அவன். இந்தச் சொல்லுக்குத்தான் அவள் எட்டு நாள் காத்திருந்தாள். அவன் மார்பில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, விடு” என்றான். அதோடு சரி.

புதன்கிழமை காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இயந்திரம் அதை நசுக்கிப் பெட்டியாக்கும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்தாள். லேபில் வேன் கொடுத்தார்கள். வேலை போகவில்லை.

வீடு மறுபடி வீடானது. முன்னைவிட அமைதி. அவன் எதையும் கேட்பதில்லை. லேப் முடிந்து ஏழு மணிக்கு வந்தாலும் கேட்பதில்லை. காலையில் கணக்கெடுத்து முடித்து, மதியம் வந்து சாப்பிட்டு, இரண்டு இருபதுக்குப் படுத்துக்கொள்வான். அந்த ஒன்றரை மணி நேரம் உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டான். அலைச்சல், பாவம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் வியாழன் அவளுக்குத் தலைவலி. சீக்கிரமே வந்துவிட்டாள். அவன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மேஜையில் காரின் பழைய காகிதங்கள் கிடந்தன. கிழித்துப் போடலாம் என்று எடுத்தவள், விற்றவர் கையெழுத்துக்குக் கீழே ஒரு போன் நம்பரைப் பார்த்தாள். முதல் சொந்தக்காரர் இறந்து, அவர் மனைவி விற்றிருக்கிறாள்.

மணி 3:04. போன் செய்தாள். பின்னணியில் தையல் மெஷின் ஓடியது.

“அந்தக் காரை வாங்கினவ பேசறேன். உங்க வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு...”

மெஷின் நின்றது.

“என்னைச் சந்தேகப்பட்டாரும்மா” என்றாள் தையல்காரி. குரலில் அழுகை இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. “அவர விட்டுட்டு வந்து கடை வெச்சேன். அவர் வீட்டிலேர்ந்து முப்பத்தொரு கிலோமீட்டர். கடை திறந்திருக்கிற நாளெல்லாம் மூணு மணிக்கு எதிர்ல வந்து நிப்பார். எஞ்சினை அணைக்க மாட்டார். பாத்துக்கிட்டே இருப்பார். பத்து நிமிஷம். போயிடுவார். ஒரு நாள் போகவே இல்ல. கடைய சாத்தற நேரத்துல வண்டியில புகை வந்துச்சு. எண்ணெய் மொத்தமும் தீந்துபோச்சு. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாங்க. செத்து அஞ்சு மணி நேரம் ஆச்சாம். அஞ்சு மணி நேரமும் கண்ணு என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

“இப்பவும்...”

“வர்றார். யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குப் பழகிடுச்சு.” பிறகு கேட்டாள்: “உங்க வீட்டுக்காரர் கண்ணாடி போட்டவரா? நெத்தியில ஒரு தழும்பு?”

அவள் கட்டிலைப் பார்த்தாள். தலையணையில் சாய்ந்திருந்த நெற்றியில் அந்தத் தழும்பு. மூடிய இமைகளுக்குள் விழிகள் எதையோ துரத்திக்கொண்டு நகர்ந்தன.

“ஆமா.”

“போன வாரம் திங்கக்கிழமை முதல்முதலா வந்தார். அவர்தான் ஓட்டினார். என் ஆளு பின்னால உக்காந்திருந்தார். அன்னிக்கு உங்க ஆளு பயந்துபோய் இருந்தார்.”

“இப்ப?”

“இதோ, எதிர்லதான் நிக்குது வண்டி. ரெண்டு பேரும் இருக்காங்க.” தையல்காரி மிக மெதுவாகச் சொன்னாள். “இப்ப உங்க ஆளு பயப்படல. என்னைக் காட்டி அவர்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கார்.”

மணி 3:10. கட்டிலில் அவன் கைகள் மெல்ல உயர்ந்து, போர்வையின் மேல் வட்டமாக எதையோ பிடித்துக்கொண்டன.

அவன் இன்றுவரை அவளை எங்கே போனாய் என்று கேட்டதில்லை.