நிறுத்திவைத்த மோட்டார்

ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, ஓடைக்கரையோரமாக நடந்து வருகிறேன். சுண்ணாம்புக்கல் குவாரியின் பள்ளத்தில் ஊறும் தண்ணீரை ஒரு பெரிய குழாய் இரைச்சலோடு உறிஞ்சி ஓடையில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. ‘பாதிப்பு இல்லை’ என்கிறது என் பையிலிருக்கும் பழைய அறிக்கை.

குவாரியை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் சுப்பம்மாள் அக்கா தன் கிணற்றைக் காட்டுகிறார். அளவு நாடாவை இறக்குகிறேன். அறிக்கை சொல்வது சரிதான். தண்ணீர் மேலேயே கிடக்கிறது. ஆனால் சுற்றிலும் கத்திரிச் செடிகள் வாடித் தொங்குகின்றன.

“ஏன்க்கா தண்ணி பாய்ச்சல?”

“நீங்க வாரீகன்னு மூணு நாளா மோட்டார் போடல சார். வந்தவுகளுக்கு வத்துன கெணத்தையா காட்டுறது?”

“போன தடவை அளக்க வந்தாங்களே, அவங்களுக்கு?”

“அவுகளுக்கும் இப்படித்தான் சேத்து வச்சேன்.”

எனக்குக் கோபம் வருகிறது. அக்கா மேல் இல்லை. வாடிய செடியைப் பார்த்தும் ஏனென்று கேட்காமல் எழுதிக்கொண்டு போனவர்கள் மேல்.

“மோட்டாரப் போடுங்கக்கா.”

அரை மணி நேரத்தில் மோட்டார்க் குழாய் காற்றை இழுத்துச் செருமுகிறது. அடியில் சேறு தெரிகிறது. அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு, வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

“பஸ் போயிருமே சார்.”

“போகட்டும்க்கா. இது திரும்ப ஊற எம்புட்டு நேரமாகுதுன்னு பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்.”

மணியைக் குறித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்காருகிறேன். ஓடைப் பக்கம் குவாரிக் குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது.