தம்பியின் பேச்சு விளங்கியவர்

பக்கவாதத்தில் பேச்சுக் குழறிப்போன என் தம்பி சொல்வதைக் கணினி எழுத்தில் காட்ட வேண்டும் என்று, ஓர் ஆராய்ச்சி மாணவி ஆறு சனிக்கிழமைகள் எங்கள் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தார். மடிக்கணினியில், பேச்சைப் புரிந்துகொள்ளும் நரம்பு வலையமைப்பு என்ற நிரலில் ஓர் அடுக்கை எடுத்துவிட்டு வேறு வகை அடுக்கை வைப்பார். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "அண்ணா, இன்னொரு வாட்டி" என்பார். தம்பி "தண்ணி" என்பான். திரையில் வேறு ஏதோ வரும்.

ஆறாம் வாரம், "நீங்க சரியாத்தான் பேசறீங்கண்ணா. இதுக்குத்தான் காது பத்தல" என்றார். தம்பி நீளமாக ஏதோ சொன்னான். மாணவி வாய்விட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்கண்ணா, போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

"என்னடா சொன்ன?" என்று கேட்டேன். பொறுமையாக மூன்று முறை சொன்னான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கியவர் அதற்குள் தவளக்குப்பம் பேருந்தில் ஏறியிருப்பார்.